டு மோரியர்: லண்டனில் பிறந்த ஒரு பிரெஞ்சுப் பெயர்

'ரெபெக்கா' நாவலை எழுதிய டாஃப்னி டு மோரியரின் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு அந்தக் குடும்பமே தலைமுறை தலைமுறையாக ஒரு பதில் வைத்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் தலை தப்பினால் போதும் என்று இங்கிலாந்துக்கு ஓடிவந்த பிரபுக் குலம். விட்டுவந்தவை மாளிகையும் பெரும் நிலங்களும். செய்த தொழிலும் பிரபுக்களுக்கே உரிய கண்ணாடித் தொழில். இந்தப் பதிலை 1963-இல் உடைத்தவரும் அதே குடும்பத்துப் பெண்தான், டாஃப்னியே. தன் முன்னோர் வாழ்ந்த ஊர்களுக்குப் போய், பதிவேடுகளைத் தேடி, 'தி கிளாஸ் ப்ளோயர்ஸ்' என்ற நாவலாக அதை எழுதினார். அதன் பிறகு பரவிய பதில் இன்னும் சுருக்கமானது: அது ஒரு போலிப் பெயர், கடன்காரனிடமிருந்து தப்பி ஓடிய ஒருவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பிரபுப் பட்டம்.

முதல் பதில் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது பதிலும் சான்றுகளுக்கு முன்னால் நிற்காது என்று கருதுகிறேன். ஒரு பெயரைப் போலி என்று சொல்ல, அந்தப் பெயர் யாருடையது, எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, எதை மறைத்தது என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். நாம் ஆங்கில வழியில் 'டு' என்று எழுதுவது பிரெஞ்சில் 'தியு'. 'தெ' என்ற உருபும் 'லெ' என்ற ஆண்பால் சுட்டும் புணர்ந்து வந்த வடிவம் அது. 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்பது பொருள். ஆக, மோரியர் என்பது ஆள் பெயர் அல்ல, இடப்பெயர். பிரான்சின் மேற்கே சார்த் மாவட்டத்தில், தூரேன் பகுதியை ஒட்டிய ஷெனு என்ற சிற்றூரில், லெ மோரியே என்றொரு பண்ணை வீடு உண்டு. பெயரின் வேர் அந்த வீடுதான். கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. உழவும் தொழுவமும் உள்ள வீடு.

'தியு' என்பதைப் பார்த்தவுடன் பிரபுத்துவம் என்று நினைப்பது ஆங்கிலேயர்களின் பழைய மயக்கம். பிரான்சில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர்களில் பல இந்த உருபைத் தாங்கியே நிற்கின்றன. தியுபோன் என்றால் பாலத்தருகே இருப்பவர். தியுபுவா என்றால் காட்டருகே இருப்பவர். தியுமுலேன் என்றால் ஆலையருகே இருப்பவர். உழவரும் தச்சரும் ரொட்டி சுடுபவரும் இந்தப் பெயர்களோடுதான் நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். உருபைப் பிரித்து எழுதினால் பிரபு, சேர்த்து எழுதினால் குடியானவர் என்ற எண்ணமும் சட்டமாக இருந்ததில்லை. உருபே இல்லாத பிரபுக் குடும்பங்களும் உண்டு. ஆகவே பெயரின் இலக்கணம் நமக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறது, குலத்தைக் காட்டவில்லை.

மோரியே என்ற இடப்பெயரின் பொருள் என்ன? இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, மல்பெரி மரம். முசுக்கொட்டை என்று நம் பட்டு வளர்ப்பவர்கள் சொல்லும் அதே இனம். இன்றைய பிரெஞ்சில் அது 'மியூரியே'. பழைய பிரெஞ்சில் 'மோரியே'. இன்னொன்று, மோர் என்ற ஆளின் பெயரோடு உடைமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'மோருடைய பண்ணை' என்று ஆனது. மேற்குப் பிரான்சில் இரண்டாவது வகைப் பெயர்கள் ஏராளம் என்பதால் பலருக்கு அதுவே எளிதில் தோன்றும். ஆனால் அந்த வகைப் பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலில் வருபவை; 'லா' என்று தொடங்கி 'இயேர்' என்று முடிபவை. நம் பண்ணையோ ஆண்பால், 'லெ மோரியே'. பிரெஞ்சில் மரங்களின் பெயர்கள் ஆண்பால். பண்ணைகளை முற்றத்து மரத்தால் அழைப்பது அங்கே பரவலான வழக்கம். எழுத்தில் 'ஓ' ஒலியை 'au' என்ற இரண்டு எழுத்தால் குறித்தது எழுதிய கணக்கரின் கைப்பழக்கமாக இருக்கலாம். அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் ஒருநிலைப்படவில்லை. அண்டையிலிருக்கும் தூர் நகரில் பதினோராம் லூயி 1470-இல் பட்டுத் தொழிலை நிறுவினான் என்பதை வைத்து, பட்டுப்பூச்சிக்காக நட்ட மரம் என்று சிலர் கதையை நீட்டக்கூடும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழத்துக்காக வைத்த ஒரு கருமல்பெரி மரம் ஒரு வீட்டுக்குப் பெயராகப் போதும். தராசு மரத்தின் பக்கம் சாய்கிறது என்பது என் முடிவு. 'மல்பெரி வீட்டுக்காரர்' என்பதற்கு மேல் அந்தப் பெயரில் ஒன்றும் ஏற்றிச் சொல்ல இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே சார்த் மாவட்டத்தின் வேறொரு பகுதியில், லா ஃபோந்தேன் சேன் மார்த்தேன் என்ற ஊரில், இன்னொரு மோரியே இருக்கிறது. இது மாளிகை. இதன் உடைமையாளர்கள் ஓபெரி டு மோரியர் குடும்பத்தார். பெஞ்சமின் ஓபெரி டு மோரியர் என்பவர் 1613 முதல் 1624 வரை ஹாலந்தில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் எப்படிப் படிக்க வேண்டும் என்று அறிவுரை எழுதிக் கொடுத்தது இவருக்குத்தான். இவர் மகன் லூயி ஓபெரி டு மோரியர், ஹாலந்தின் வரலாற்றை எழுதியவர். ஆக, புரட்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே 'டு மோரியர்' என்பது அறிஞர் வட்டாரத்தில் மதிப்புள்ள பெயர். லண்டனில் ஒருவர் தன்னை டு மோரியர் என்று சொல்லிக்கொண்டால், பழைய நூல்களைப் புரட்டுகிறவருக்குக் கிடைப்பது இந்தக் குடும்பம்தான். பண்ணை வீடு எந்த நூலிலும் இராது. குடும்பக் கதை இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்கு இந்தப் பெயர் ஒற்றுமையும் துணை செய்திருக்கும். ஆனால் ஓபெரிகளுக்கும் நம் குடும்பத்துக்கும் இரத்த உறவு இல்லை. நம் குடும்பத்தின் பெயர் புஸ்ஸோன்.

புஸ்ஸோன்கள் கண்ணாடி ஊதுபவர்கள். குடும்பக் கதையின் வலுவான தூணாக நின்றது இந்தத் தொழில்தான், ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முடியாட்சிக் கால பிரான்சில் பிரபு ஒருவர் கையால் தொழில் செய்தால், கடை வைத்தால், பிரபு நிலையை இழப்பார். இந்த விதிக்கு விலக்கான மிகச் சில தொழில்களில் கண்ணாடி ஒன்று. ஏழைப் பிரபு ஒருவர் கண்ணாடி ஊதிப் பிழைக்கலாம். அவர் குலமானம் போகாது. இப்படிப்பட்டவர்களைப் பிரெஞ்சில் 'ழான்தியோம் வெரியே' என்றார்கள், கண்ணாடிக் கனவான்கள். டாஃப்னியின் தாத்தா ஜார்ஜ் டு மோரியர் 1891-இல் எழுதிய 'பீட்டர் இபெட்சன்' நாவலில் கதாநாயகனின் உண்மைப் பெயர் பியேர் பாஸ்கியே தெ லா மரியேர். அவனுடைய முன்னோர் இப்படிப்பட்ட கண்ணாடிக் கனவான்கள். பெயரின் ஓசையைக் கேட்டாலே ஜார்ஜ் யாரை நினைத்து எழுதினார் என்று தெரியும். அவர் தன் குடும்பம் பற்றிக் கேட்டு வளர்ந்த கதையை நம்பித்தான் எழுதினார்.

கதையின் பிழை தர்க்கத்தில் இருக்கிறது. பிரபு கண்ணாடி ஊதலாம் என்பது சலுகை. கண்ணாடி ஊதுகிறவரெல்லாம் பிரபு என்று அதற்குப் பொருளில்லை. பிரபு அல்லாத கண்ணாடி மாஸ்டர்கள் பிரான்ஸ் முழுவதும் இருந்தார்கள். அக்காலத் திருச்சபைப் பதிவேடுகளில் பிரபு ஒருவரின் பெயரோடு 'எக்குயே' என்ற அடைமொழி வரும். ஞானஸ்நானமோ திருமணமோ சாவோ, பாதிரியார் அதை விடமாட்டார், குடும்பமும் விடவிடாது. புஸ்ஸோன்கள் அந்த அடைமொழி இல்லாத கண்ணாடி மாஸ்டர்கள், அவ்வளவுதான்.

அந்தத் தொழில் நடந்த விதத்தையும் பாருங்கள். உலைக்கு விறகு வேண்டும், மணலை உருக்க மரச்சாம்பல் வேண்டும். அதனால் கண்ணாடிப் பட்டறைகள் காட்டுக்குள்ளேயே இருந்தன. உலை மூட்டினால் மாதக்கணக்கில் இரவும் பகலும் அணையாமல் எரியும். ஊதுபவர் ஆள் உயர இரும்புக் குழாயின் நுனியில் உருகிய குழம்பைச் சுற்றி எடுத்து, உருட்டிக்கொண்டே ஊதுவார். ஒரு மூச்சு கூடினால் குமிழ் உடையும், குறைந்தால் தடித்துப்போகும். பக்கத்தில் உதவியாள் அடுத்த கருவியோடு காத்து நிற்பார். வெட்டிய மரத்தை நகரம் வரை கொண்டுபோய் விற்க வழியில்லாத நிலக்கிழார்கள், காட்டைக் காசாக்கும் வழியாகப் பட்டறையைக் கட்டி மாஸ்டரிடம் குத்தகைக்கு விடுவார்கள். காடு பிரபுவுடையது, பட்டறை பிரபுவுடையது. குத்தகையும் குழாயும் வேலையாட்களின் கூலியும் மாஸ்டருடையவை. குத்தகை முடிந்தால் குடும்பம் அடுத்த காட்டுக்குப் போகும். புஸ்ஸோன் குடும்பம் பட்டறை விட்டுப் பட்டறை மாறியது இதனால்தான். லெ மோரியே அப்படி அவர்கள் குடியிருந்த ஓர் இடம். மாளிகையையும் நிலங்களையும் புரட்சி பறித்துக்கொண்டது என்ற குடும்பக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தக் குடும்பத்தில் 1749-இல் பிறந்தவர் ரோபேர் மத்தூரேன் புஸ்ஸோன். தகப்பனைப் போலத் தொழில் தெரிந்தவர், தகப்பனுக்கு இருந்த நிதானம் இல்லாதவர். பெரிதாகத் தொடங்குவார், கடனில் முடிப்பார். புரட்சி வெடித்த காலத்தில், மோசடிக் குற்றச்சாட்டும் கடன்காரர்களும் துரத்த, பாரிசிலிருந்து இங்கிலாந்துக்குப் போனார். லண்டனில் அவர் புஸ்ஸோன் டு மோரியர். அங்கே 1797-இல் பிறந்த மகன் லூயி மத்தூரேன் அதே பெயரோடு வளர்ந்தார். 1802-இல் மனைவி மக்களை லண்டனிலேயே விட்டுவிட்டு ரோபேர் பிரான்சுக்குத் திரும்பினார். 1811-இல் தூர் நகரில் பள்ளி ஆசிரியராக இறந்தார். தாயிடம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பனுக்குப் பதிலாகக் கதை கிடைத்தது.

டாஃப்னி இந்தக் கதையை இரண்டு முறை எழுதினார் என்பது திறனாய்வாளருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. 1937-இல் வந்த 'தி டு மோரியர்ஸ்' நூல், லூயி மத்தூரேனின் தலைமுறையையும் ஜார்ஜின் இளமையையும் சொல்கிறது. லூயியின் மாமியார் மேரி ஆன் கிளார்க், யார்க் கோமகனின் காதலியாக இருந்து 1809-இல் நாடாளுமன்றத்தையே உலுக்கிய பெண்; அந்த நூலின் சுடர் அவர்தான். பிரெஞ்சுப் பக்கத்து முன்னோரைப் பற்றி அந்த நூல் குடும்ப நம்பிக்கையைத் தாண்டிப் போகவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த 'தி கிளாஸ் ப்ளோயர்ஸ்' அதே குடும்பத்தை ரோபேரின் தங்கை சோஃபி தியுவாலின் குரலில் சொல்கிறது. முதுமையில் அவர், அண்ணன் மகன் லூயிக்காக 1844-இல் உண்மையை எழுதி வைக்கிறார் என்பது நாவலின் அமைப்பு. தங்கள் குலம் பிரபுக் குலமல்ல, பெயர் ஒரு பண்ணை வீட்டின் பெயர் என்பதை அவர்தான் போட்டு உடைக்கிறார்.

ஒரே எழுத்தாளர், ஒரே குடும்பம், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு நூல்கள். எதை நம்புவது? இரண்டாவதைத்தான். காரணம், அது தேடலின் விளைவு. ஆனால் அது நாவல் என்பதை மறந்துவிட்டு, அதிலுள்ள எல்லாவற்றையும் ஆவணம் போல எடுத்தாள்வது பெரிய தவறு. ஒருவர் எப்போது எங்கே பிறந்தார், யாருக்கு மகன், என்ன தொழில், எந்த ஊர் என்பவையெல்லாம் பதிவேட்டில் சரிபார்க்கக்கூடியவை. பிரான்சில் 1539-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு ஞானஸ்நானங்கள் முறையாகப் பதிவாகின. இந்தச் சட்டகம் உறுதியானது. ரோபேர் ஏன் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. அவருடைய ஆடம்ப ஆசை, பகட்டு, தங்கையின் மனவருத்தம் எல்லாம் டாஃப்னியின் கற்பனை வேலை. அது உயர்ந்த கற்பனை. உளவியலில் அவருடைய சிறந்த பக்கங்களில் சில அதில் இருக்கின்றன. என்றாலும் 'போலிப் பெயர்' என்ற இன்றைய தீர்ப்பு சாய்ந்து நிற்பது நாவலின் இந்தப் பகுதியின் மீதுதான். பதிவேடு சொல்வது பெயர் பின்னால் வந்தது என்பதை மட்டுமே. பகட்டுக்காக வந்தது என்பதைச் சொன்னது நாவல்.

அப்படியானால் நோக்கத்தைக் காலத்தின் வழக்கத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும். புரட்சிக்கு முந்தைய பிரான்சில், கொஞ்சம் வசதியுள்ள நடுத்தரக் குடும்பத்து மகன் நிலத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வது அன்றாட நடப்பு. அண்ணன் தம்பிகளைப் பிரித்துச் சொல்லவும் அது பயன்பட்டது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு நடமாடும் நமக்குக் குடும்பப் பெயர் என்பதே கல்லில் வெட்டிய ஒன்று போலத் தெரிகிறது; அங்கே அது அவ்வளவு கெட்டியாக இருந்ததில்லை. கடிகாரம் செய்பவர் மகன் பியேர் ஒகுஸ்தேன் கரோன், மனைவியின் நிலத்தின் பெயரை எடுத்துக்கொண்டு போமார்ஷே ஆனார். 'ஃபிகரோவின் திருமணம்' நாடகத்தை அந்தப் பெயரில்தான் உலகம் அறியும். ரோபேருக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ழாக் பியேர் பிரிசோ. ஷார்த்தர் நகரத்து உணவு விடுதிக்காரர் மகன். தகப்பனுக்கு உவார்வில் என்ற ஊரில் கொஞ்சம் நிலம் இருந்ததால் 'பிரிசோ தெ வார்வில்' என்று எழுதிக்கொண்டார். அந்த ஊரின் முதல் எழுத்தை ஆங்கில எழுத்தாகவே மாற்றிக்கொண்டார். அதே மனிதர்தான் பின்னாளில் புரட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவராகி, 1793-இல் கில்லட்டினில் தலை கொடுத்தார். முடியாட்சியை எதிர்த்துப் பேசியவரே ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டபோது, அது பிரபுப் பட்டம் திருடுவதாக யாருக்கும் படவில்லை என்றுதானே பொருள்? ரோபேர் ஒட்டிக்கொண்டதும் தன் குடும்பம் உண்மையிலேயே வாழ்ந்த வீட்டின் பெயரைத்தான். இல்லாத ஊரையோ, ஓபெரிகளின் மாளிகையையோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கம் அவருக்கு இடம் கொடுத்தது. சட்டம்? இங்கேதான் இந்தப் பெயரின் வரலாற்றில் மிக முக்கியமான, அதிகம் கவனிக்கப்படாத திருப்பம் இருக்கிறது. 1790 ஜூன் 19-இல் பிரெஞ்சுத் தேசிய மன்றம் பரம்பரைப் பிரபுத்துவத்தை ஒழித்தது. குடிமக்கள் தங்கள் குடும்பத்தின் உண்மையான பெயரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. 1794 ஆகஸ்டில் வந்த சட்டம் இன்னும் கடுமையானது: பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக் கூடாது. ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கானோர் ஒரே வீச்சில் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். பிரான்சிலேயே இருந்திருந்தால் ரோபேரும் புஸ்ஸோன் குடிமகனாகத்தான் இருந்திருப்பார். அவர் பேரன்கள் புஸ்ஸோன்களாகவே இருந்திருப்பார்கள். அவர் இருந்ததோ லண்டனில். ஆங்கிலேயப் பொதுச் சட்டம் பெயர் விஷயத்தில் மிகத் தாராளம்: ஏமாற்றும் நோக்கமில்லாத வரை ஒருவர் எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம், ஊர் அந்தப் பெயரால் அழைத்தால் அதுவே பெயர். பிரான்சில் அழிந்திருக்க வேண்டிய ஓர் ஒட்டுப்பெயர் ஆங்கில மண்ணில் குடும்பப் பெயராக வேர்விட்டது. பிரான்சில் இந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பெயரே இல்லாமல் போனதற்கும், இங்கிலாந்தில் இது இவ்வளவு அரிதாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். ஒரே ஒரு மனிதரிடம், ஒரே ஓர் ஊரில், ஒரே ஒரு பத்தாண்டில் பிறந்த பெயர் இது.

'ஏமாற்றும் நோக்கமில்லாத வரை' என்ற நிபந்தனை ரோபேருக்கு எதிராக நிற்கிறது என்று ஒருவர் வாதாடலாம். வலுவான எதிர்வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது. கடனை விட்டு ஓடியவர், புதிய பெயரில் புதிய ஊரில். அதுவும் புரட்சிக்குத் தப்பி வந்த பிரபுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்த, அவர்களிடம் பரிவு காட்டிய லண்டனில். பிரபு போலத் தோன்றுவதில் அங்கே ஆதாயம் இருந்தது. அந்த ஆதாயத்தை அவர் நாடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடன்காரனுக்கு அஞ்சி ஒளிகிறவர் முதலில் எதை மறைப்பார்? புஸ்ஸோனை. அதைத்தான் அவர் மறைக்கவில்லை. மகன் லூயி மத்தூரேன் புஸ்ஸோன் டு மோரியர். பேரன் ஜார்ஜ் லூயி பால்மெல்லா புஸ்ஸோன் டு மோரியர். 1873-இல் பிறந்த கொள்ளுப்பேரன் ஜெரால்டின் முழுப்பெயரிலும் புஸ்ஸோன் இருக்கிறது. நூறாண்டு காலம் உண்மைப் பெயர் ஒட்டுப்பெயருக்கு முன்னாலேயே, எவரும் படிக்கும்படி நின்றது. போலிப் பத்திரம் தயாரிப்பவர் அசல் பத்திரத்தையும் அதனோடு சேர்த்துத் தைத்து வைப்பதில்லை. ரோபேரின் உண்மையான குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது: மனைவி மக்களை அந்நிய ஊரில் கைவிட்டது. அதை மன்னிக்க எந்த வழக்கமும் துணைக்கு வராது. பெயர்க் குற்றத்தை அவர் தலையில் ஏற்றுபவர்கள், கனமான குற்றத்தை விட்டு இலேசானதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

புஸ்ஸோனைப் பின்னுக்குத் தள்ளியவர் யார் என்றால், அது ஜார்ஜ். 1834-இல் பாரிசில் பிறந்து, ஒரு கண்ணில் பார்வை இழந்த பிறகும் ஓவியராக நிலைத்து, 'பஞ்ச்' இதழில் ஆண்டுக்கணக்காகக் கேலிச்சித்திரம் வரைந்தவர். அச்சில் அவர் கையொப்பம் 'டு மோரியர்' மட்டும். 1894-இல் வந்த 'டிரில்பி' நாவல் அவர் பெயரை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் கொண்டுசேர்த்தது. டிரில்பி தொப்பியும், அடுத்தவர் மனத்தை ஆட்டிவைப்பவரைக் குறிக்கும் ஸ்வெங்காலி என்ற சொல்லும் அந்த நாவலில் இருந்து வந்தவை. 'டு மோரியர்' என்பது தனித்து நிற்கும் பெயரானது அவர் தூரிகையாலும் பேனாவாலும்தான்.

இதே ஜார்ஜ் 'பஞ்ச்' இதழில் உருவாக்கிய பாத்திரங்களில் ஒருவர் திருமதி பொன்சன்பி தெ டாம்கின்ஸ். பெரிய மனிதர் வட்டத்தில் இடம் பிடிக்கப் படாதபாடு படும் பெண். டாம்கின்ஸ் என்பது லண்டன் தெருவில் எங்கும் காணும் சாதாரணப் பெயர். அதன் முன்னால் ஒரு 'தெ'. புதுப் பணக்காரரின் பெயராசையை ஒற்றை உருபில் பிடித்துவிட்ட சித்திரம். தன் தாத்தா என்ன செய்தார் என்று ஜார்ஜுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பாத்திரத்துக்கு இப்படிப் பெயர் வைத்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். 'பீட்டர் இபெட்சன்' நாவலில் முன்னோரைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் உள்ள கனிவு, கதையை முழுமனதோடு நம்பியவரின் கனிவு. ஆகவே இரண்டாம் தலைமுறைக்குப் பிறகு இந்தக் குடும்பத்தை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னவர்கள்.

'ரெபெக்கா' நாவலையும் இந்த வாதத்துக்குள் இழுப்பவர்கள் உண்டு. கதை சொல்லும் பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே தரப்படவில்லை. அது அழகான, அபூர்வமான பெயர் என்றும், அதைச் சரியாக எழுதுபவர் குறைவு என்றும் மட்டும் நாவலின் தொடக்கத்தில் வருகிறது. அபூர்வமான பெயர் கொண்ட எழுத்தாளர் ஒருவர் தன் பெயரையே அங்கே மறைத்து வைத்தார் என்று படிப்பது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. நாவல் 1938-இல் வந்தது. அப்போது டாஃப்னிக்குத் தன் பெயரின் பின்கதை தெரியாது. அந்தப் பெயரின்மை, முதல் மனைவியின் நிழலில் தன்னை இழந்த ஒரு பெண்ணின் நிலையைக் காட்டக் கிடைத்த வழி. அதற்கு அதுவே போதும்.

ஜெரால்டு டு மோரியர் தன் காலத்து லண்டன் மேடையின் பெரிய நடிகர். 1904-இல் 'பீட்டர் பேன்' முதன்முதலாக மேடையேறியபோது கேப்டன் ஹூக் அவர்தான். பின்னாளில் வரி பாக்கி கழுத்தை நெரித்தபோது, ஒரு சிகரெட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்துப் பணம் பெற்றார். 'டு மோரியர்' சிகரெட் கனடாவில் அவர் காலத்துக்குப் பிறகும் பெரும் விற்பனை கண்டது. நாவலும் நாடகமும் அறியாத லட்சக்கணக்கானோர் அந்தப் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டார்கள். கொள்ளுத்தாத்தா கடனுக்கு ஓடிய ஊரில் எடுத்துக்கொண்ட பெயரே கொள்ளுப்பேரனின் பாக்கியை அடைக்க உதவியது. ஜெரால்டுக்கு மூன்றும் பெண் குழந்தைகள்: ஏஞ்சலா, டாஃப்னி, ழான். அண்ணன் கை 1915-இல் போரில் இறந்தார், பிள்ளை இல்லை. ஜார்ஜின் ஆண் வழியில் பெயர் அத்தோடு நின்றது. டாஃப்னி 1932-இல் மணம் முடித்துச் சட்டப்படி பிரௌனிங் ஆன பிறகும் நூல்களில் டு மோரியராகவே இருந்தார்.

இனி தீர்ப்பு. பிரபுக் குலக் கதைக்கு ஒரு சான்றும் இல்லை, அது தள்ளுபடி. ஓபெரி குடும்பத்தோடு முடிச்சுப் போடுவதும் தள்ளுபடி. 'போலிப் பெயர்' என்ற குற்றச்சாட்டு பாதிதான் நிற்கிறது: பெயரோடு சொல்லப்பட்ட குலப்பெருமை பொய், பெயர் பொய்யல்ல. அது இருந்த வீட்டின் பெயர், அக்கால வழக்கப்படி ஒட்டிக்கொண்டது, உண்மைப் பெயரை மறைக்காமல் அதன் பின்னால் நின்றது, ஆங்கிலச் சட்டம் ஏற்ற வழியில் குடும்பப் பெயரானது. குடும்பப் பெயர் அகராதிகள் இதைப் 'பிரெஞ்சுப் பெயர்' என்று பதிவதை நான் ஒப்பமாட்டேன். மூலப்பொருள் சார்த் மாவட்டத்து மல்பெரி. பெயராக ஆனது 1790-களின் லண்டன். 'பிரெஞ்சு வேரில் ஆங்கிலேயப் பெயர்' என்பதே சரியான பதிவு.

டாஃப்னியின் நூல் வரிசையில் 'தி கிளாஸ் ப்ளோயர்ஸ்' நாவலை வாசகர்கள் கடைசியில் தள்ளுகிறார்கள்; மர்மம் இல்லை, மாளிகை இல்லை என்பது அவர்கள் மனக்குறை. 1937-இல் தன் குடும்பத்தை உலகுக்குப் பெருமையோடு அறிமுகம் செய்தவர், புகழின் உச்சியில் இருந்தபோது, யாரும் கேட்காமலே தன் பெயரின் கணக்கைத் திறந்து காட்டினார். அதை எழுத அவர் தேர்ந்துகொண்ட குரல், தியுவால் என்ற மணவழிப் பெயரோடு வாழ்ந்த தங்கையின் குரல். அதுவும் 'பள்ளத்தாக்கருகே இருப்பவர்' என்று பொருள் தரும், யாரும் பிரபுப் பெயர் என்று மயங்காத ஓர் உருபுப் பெயர்தான். ரோபேரை மன்னிக்காமலும் வெறுக்காமலும் எழுத அந்தக் குரலால் முடிந்திருக்கிறது. 'ரெபெக்கா'வுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய நாவல் அது.